அம்புவாஸ் கோட்டை: அமீர் அப்துல் காதிரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பாரிஸிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தென்மேற்கே, லுவார் ஆற்றின் தென்கரையில், பாறை மேட்டின் மீது நிற்கிறது அம்புவாஸ் அரச கோட்டை. சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் வருவது இரண்டு காரணங்களுக்காக: பிரெஞ்சு மன்னர்கள் வாழ்ந்த அறைகள், லியனார்டோ டா வின்சியின் கல்லறை. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைகளை 15 ஆண்டுகள் எதிர்த்து நின்ற காதிரிய்யா தரீக்காவின் (சூஃபி ஆன்மிக வழியின்) ஷைகு, அதாவது குரு, அமீர் அப்துல் காதிர், 1848 நவம்பரிலிருந்து 1852 டிசம்பர் வரை இங்கேதான் காவலில் இருந்தார். இந்த மதிப்பீடு அந்த மூன்றாவது காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு மட்டும். மன்னர்களுக்காகப் போகிறவர்களுக்கு எழுதப்பட்ட மதிப்பீடுகள் வேண்டிய அளவு இருக்கின்றன.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேட்டின் பின்கோடியில் இருக்கும் கீழைத் தோட்டத்துக்கு, அதாவது அமீரோடு வந்து இங்கே இறந்தவர்களின் நினைவிடத்துக்கு, ஐந்தில் நாலரை. உள்ளறைகளுக்கு, அமீரைத் தேடி வருகிறவர் கண்ணால் பார்த்தால், ஐந்தில் இரண்டு. கோட்டை ஒரு கைதியின் சோகத்தை நன்றாகச் சொல்கிறது. அவர் எதற்காகக் கைதியானார், பிரான்சின் ஒரு லட்சம் படையினரை எப்படி அலைக்கழித்தார் என்பதை நாம்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாதவர்கள் தோட்டத்துக் கற்களைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். அவரைப் பார்த்துப் பாவம் என்று மட்டும் சொல்வது பெரிய குறை.

அதனால் மேடேறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. அப்துல் காதிர் 1808இல் மேற்கு அல்ஜீரியாவில், முஅஸ்கர் நகருக்கு அருகிலுள்ள கெத்னாவில் பிறந்தவர். பிரெஞ்சு ஏடுகளில் அந்த நகரின் பெயர் மஸ்கரா. தந்தை முஹ்யித்தீன் காதிரிய்யா வழியின் ஷைகு. கெத்னாவின் ஸாவியா, நம் வழக்கில் சொன்னால் தைக்கா, அவர் பொறுப்பில் இருந்தது. தந்தையும் மகனும் ஹஜ்ஜுக்குப் போன பயணத்தில் டமாஸ்கஸ் வழியாக பாக்தாத் போய், நாம் முஹ்யித்தீன் ஆண்டவர் என்று அழைக்கும் அப்துல் காதிர் ஜீலானியின் தர்காவையும் தரிசித்தார்கள். 1830 ஜூலையில் அல்ஜியர்ஸ் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. துருக்கிய ஆட்சி சரிந்த வெற்றிடத்தில், மேற்கத்திய இனக்குழுக்கள் முஹ்யித்தீனிடம் தலைமை ஏற்கச் சொல்லி வந்தன. அவர் வயதைக் காட்டி மறுத்து மகனைக் கைகாட்டினார். 1832 நவம்பரில், க்ரீஸ் சமவெளியில், 24 வயது இளைஞருக்கு பைஅத், அதாவது விசுவாச உறுதிமொழி, செய்தார்கள்.

தரீக்காவின் பங்கு எது, அரசின் பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பது இங்கே முக்கியம். சூஃபிப் போராளி என்றதும் தஸ்பீஹ் மணிமாலை ஒரு கையில், வாள் ஒரு கையில் என்ற ஓவியம் மனத்தில் வந்துவிடுகிறது. காதிரிய்யா வலைப்பின்னல் அவருக்குக் கொடுத்தது ஆரம்ப முதல்: ஒன்றோடொன்று பகைத்துக்கொண்டிருந்த இனக்குழுக்கள் ஒரே ஆளின் சொல்லுக்குக் கட்டுப்பட ஒரு காரணம், தைக்காக்கள் வழியே செய்தி போகும் பாதை, கல்விமான்கள் என்ற பெயர். அதற்கு மேல் அவர் கட்டியது ஓர் அரசு. நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆளுநராக ஒரு கலீஃபாவை வைத்தார். மார்க்க வரிகளான ஸகாத்தும் உஷ்ரும் முறையாக வசூலானது. தாக்தெம்ப்த் கோட்டையில் நாணயம் அடித்தார், ஐரோப்பியக் கைவினைஞர்களை வைத்துத் துப்பாக்கிப் பட்டறை நடத்தினார். சம்பளம் வாங்கும் நிலையான படை இருந்தது: சுமார் 8,000 காலாட்கள், 2,000 குதிரை வீரர்கள், சிறு பீரங்கிப் பிரிவு. தேவைப்பட்டபோது இனக்குழுக்களின் குதிரைவீரர்கள் சேர்ந்துகொள்வார்கள். அதேபோல, எல்லாத் தரீக்காக்களும் அவர் பின்னால் நின்றன என்பதும் தவறு. திஜானிய்யா தரீக்கா அவருக்குத் தலைவணங்க மறுத்தது. 1838இல் அவர்களுடைய ஐன் மாதி ஊரைப் பல மாதங்கள் முற்றுகையிட்டுத்தான் அடக்கினார். பிரெஞ்சுக்காரரை எதிர்க்கச் செலவாகியிருக்க வேண்டிய மாதங்கள் அவை.

போரைப் பொறுத்தவரை நான்கு பெயர்கள் போதும். மக்தா: 1835 ஜூனில் ஜெனரல் த்ரெசலின் படையைச் சதுப்பு நிலத்தில் மடக்கி முறியடித்தார். தஃப்னா: 1837 மே 30இல் ஜெனரல் புஜோவுடன் செய்த உடன்படிக்கை, அல்ஜீரியாவின் பெரும்பகுதி அவர் ஆளுகைக்கு விடப்பட்டது. ஆனால் அரபுப் பிரதியும் பிரெஞ்சுப் பிரதியும் ஒன்றையே சொல்லவில்லை. பிரெஞ்சில் அவர் பிரான்சின் இறையாண்மையை ஏற்கிறார். அரபில் அந்த வாசகம் அவ்வளவு தூரம் போகவில்லை. இரு தரப்பும் தத்தம் பிரதியைக் காட்டியே அடுத்த சண்டைக்குத் தயாரானார்கள். இரும்பு வாயில்: 1839 அக்டோபரில் மன்னர் லூயி பிலிப்பின் மூத்த மகன் ஓர்லியான் பிரபு அந்த மலைக் கணவாய் வழியே படையோடு கடந்தார், அமீர் அதை ஒப்பந்த மீறல் என்று அறிவித்தார், நவம்பரில் போர் மூண்டது. நான்காவது ஸ்மாலா. அதற்குத் தனியே வருகிறோம், ஏனென்றால் அம்புவாஸ் கோட்டையின் கதை அதில்தான் தொடங்குகிறது.

1841இல் தலைமை ஆளுநராக வந்த புஜோ பழைய போர்முறையைத் தூக்கி எறிந்தார். கோட்டைகளில் உட்கார்ந்திருந்த படையைச் சிறு சிறு அணிகளாக்கி, பளுவண்டிகளை விட்டுக் கோவேறு கழுதைகளில் சுமையேற்றி நடக்கவிட்டார். எதிரியின் படையைத் தேடுவதைவிட அவர்களுடைய தானியக் குழிகள், மந்தைகள், பழத்தோட்டங்கள் ஆகியவற்றை அழிப்பதே வேலையானது. ரஸ்ஸியா என்று அதற்குப் பெயர். உள்நாட்டு விளிம்பில் அமீர் வரிசையாகக் கட்டியிருந்த தாக்தெம்ப்த், போகார், தாஸா, ஸயிதா கோட்டைகளை அந்த ஒரே ஆண்டில் இழந்தார். இனி நிலையான தலைநகர் சாத்தியமில்லை என்றானதும் தலைநகரையே கூடாரங்களில் ஏற்றினார். அதுதான் ஸ்மாலா: குடும்பங்கள், கருவூலம், நூலகம், பட்டறைக்காரர்கள், பணயக் கைதிகள், மந்தைகள் எல்லாம் சேர்ந்த, பல்லாயிரம் பேர் கொண்ட நகரும் நகரம். கூடாரங்கள் வட்டத்துக்குள் வட்டமாக அமைந்தன, நடுவில் அமீரின் குடும்பம். ஒவ்வொரு இனக்குழுவுக்கும் நிரந்தர இடம் உண்டு, எங்கே போய் இறங்கினாலும் அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். பலவீனமும் அதிலேயே இருந்தது. அத்தனை மந்தைக்கும் மக்களுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் உள்ள இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. 1843 மே 16இல் தாகின் நீரூற்றருகே, அமீர் இல்லாத நேரத்தில், சில நூறு குதிரைவீரர்களோடு வந்து பாய்ந்தார் ஓமால் பிரபு. 21 வயது. மன்னர் லூயி பிலிப்பின் இன்னொரு மகன். சுமார் 3,000 பேர் பிடிபட்டனர், நூலகம் சூறையாடப்பட்டது.

இப்போது கோட்டைக்குத் திரும்புவோம். அம்புவாஸ் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாருடைய சொத்து? அதே லூயி பிலிப்பின் குடும்பச் சொத்து. 1821இல் தாய்வழியில் அவருக்கு வந்தது. ஆக, இரும்பு வாயிலைக் கடந்த மகனும் ஸ்மாலாவைப் பிடித்த மகனும் இந்த வீட்டுப் பிள்ளைகள். 1847 டிசம்பர் 23இல் அமீர் சரணடைந்தபோது ஜெனரல் லமோரிசியேர் கொடுத்த வாக்கு, அவரை எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவுக்கோ பாலஸ்தீனத்தின் அக்கா நகருக்கோ அனுப்பிவைப்பது. அப்போது அல்ஜீரியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர் ஓமால் பிரபு. அந்த வாக்கை அவரும் உறுதி செய்தார். அமீர் தம் குதிரையை அவரிடம் ஒப்படைத்தார். கப்பல் போய்ச் சேர்ந்த இடமோ தூலோன் துறைமுகம். இரண்டே மாதத்தில், 1848 பிப்ரவரியில், பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் குடும்பமே இங்கிலாந்துக்கு ஓடியது. வாக்கை உறுதி செய்த ஓமால் பிரபுவும் நாடுகடந்தார். வாக்குப் பெற்றவர் முதலில் தூலோனின் லமால்க் கோட்டையிலும், பிறகு போ என்ற நகரின் கோட்டையிலும், கடைசியில் மன்னர் குடும்பம் காலிசெய்துவிட்டுப் போன அம்புவாஸிலும் அடைபட்டார். மேல்மாடியில் லூயி பிலிப் காலத்து அறைகளைப் பார்க்கும்போது இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும், அந்த நாற்காலிகளும் குடும்பப் படங்களும் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

நடைமுறைக்கு வருவோம். பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அதிவேக ரயிலில் சேன் பியேர் தே கோர் வந்து வட்டார ரயிலுக்கு மாறினாலும் வரலாம். தூர் நகரிலிருந்து வட்டார ரயிலில் 20 நிமிடம்தான். ரயில் நிலையம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது, கோட்டை தென்கரையில். நடுவில் ஒரு தீவு; இரு பாலங்களைக் கடந்து 20 நிமிட நடை. பகலில் சில மணி நேரம் ரயிலே இல்லாத இடைவெளிகள் விழும், ஆகையால் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவிட்டு மேடேறுவது நல்லது. பாரிஸிலிருந்து ஒரே நாளில் மூன்று நான்கு கோட்டைகளைக் காட்டும் பேருந்துச் சுற்றுலா இந்த நோக்கத்துக்கு உதவாது. அம்புவாஸுக்குக் கிடைக்கும் நேரம் லியனார்டோ கல்லறையுள்ள சேப்பலுக்கும் மாடத்துக்கும் சரியாகிவிடும்; கோடியிலிருக்கும் தோட்டம்தான் முதலில் வெட்டுப்படும்.

சீட்டு விஷயத்தில் இரண்டு குழப்பங்கள் வரும். லியனார்டோ கடைசியாக வாழ்ந்த க்ளோ லுசே மாளிகை வேறு நிர்வாகம், வேறு சீட்டு. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே அமீருக்கு வேலையில்லை. அரச கோட்டைச் சீட்டின் விலை ஆண்டுதோறும் கொஞ்சம் நகரும். ஜனவரி 1, டிசம்பர் 25 தவிர ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் நேரம் வெகுவாகச் சுருங்கும் என்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் அன்றைய மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட்டோடு ஹிஸ்டோபேட் என்ற தொடுதிரைப் பலகை கையில் தருகிறார்கள். அறைக்குள் நின்று அதை உயர்த்திப் பிடித்தால் அந்த அறை மறுமலர்ச்சிக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும். தொழில்நுட்பம் அழகு, பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை விளையாட்டும் உண்டு. தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. அமீரைத் தேடி வருகிறவருக்கு இதன் பயன் குறைவு. பலகையின் மனம் முழுக்க எட்டாம் சார்ல்ஸ், முதலாம் பிரான்சிஸ் என்ற மறுமலர்ச்சிக் கால மன்னர்களின் காலத்திலேயே இருக்கிறது. இன்னொரு சங்கடம்: திரையில் முழுக் கோட்டையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 1848இல் மிச்சமிருந்தது எவ்வளவு என்பது மறந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். இன்று நிற்பது ஆதிக் கட்டடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் அமீரும் அவர் தாயும் மனைவியரும் பிள்ளைகளும் சகோதரர்களும் துணைவர்களுமாக நூறு பேருக்கு நெருங்கிய கூட்டம் நான்கு குளிர்காலங்களைக் கழித்தது. முஅஸ்கரின் வெயிலுக்குப் பழகிய உடம்புகள், லுவார் பள்ளத்தாக்கின் ஈரம், ஜன்னலுக்குக் காவல். இருபத்தைந்து பேர் இங்கேயே இறந்தார்கள். பலகையைக் கீழே தொங்கவிட்டுவிட்டு, ஓர் அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து, அதில் எத்தனை பேர் படுத்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அதைவிட நல்ல வழிகாட்டி.

அறைகளின் வரிசை இப்படிப் போகிறது: கீழ்த்தளத்தில் காவலர் கூடம், கோத்திக் தூண்கள் கொண்ட ஆலோசனை மண்டபம், அடுத்து மறுமலர்ச்சிக் கால அறைகள், மேலே லூயி பிலிப் குடும்பத்து அறைகள், பிறகு மினிம் கோபுரத்தின் உச்சி, அங்கிருந்து ஆற்றின் முழுக்காட்சி. கூட்டம் நகர்வதும் இந்த வரிசையில்தான். அறைகளில் உள்ள மேசை நாற்காலிகள் அரச வாழ்க்கையைக் காட்டத் தேர்ந்து வைக்கப்பட்டவை. சிறைவாசத்தை அந்த அளவுக்கு மீட்டுக்காட்டும் ஏற்பாடு இல்லை. 1852 அக்டோபர் 16 இந்தக் கோட்டையின் நவீன வரலாற்றிலேயே நாடகத்தன்மை மிகுந்த நாள்: குடியரசுத் தலைவராக இருந்து பேரரசராகப் போகிற லூயி நெப்போலியன் நேரில் வந்து, முந்தைய அரசுகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டு, விடுதலையை அறிவித்தார். அந்தக் காட்சியை ஆஞ்ஜ் திஸ்ஸியே பின்னாளில் பெரிய ஓவியமாக வரைந்தார். அதன் மூலப்பிரதி வெர்சாய் அரண்மனையைச் சேர்ந்தது. லியனார்டோவுக்குச் செலவிடும் அக்கறையில் பத்தில் ஒன்றை அந்த நாளுக்குச் செலவிட்டால் உள்ளறைகளுக்கான மதிப்பெண் மூன்றரை ஆகியிருக்கும்.

சிறைவாசம் வெறும் காத்திருப்பாகவும் இருக்கவில்லை. பொறுப்பதிகாரியாக வந்த கேப்டன் புவாசோனே அரபு தெரிந்தவர். கைதியிடம் மதிப்பாக நடந்துகொண்டு, அவருக்காகப் பாரிஸுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அல்ஜியர்ஸின் முன்னாள் ஆயர் துப்யூஷ் இன்னொருவர். 1841இல் கைதிகள் பரிமாற்றத்துக்காக அமீரிடம் கடிதம் அனுப்பி, ஒருவரைக் கேட்டதற்கு ஏன் எல்லோரையும் கேட்கவில்லை என்று அமீரிடமே கண்டிப்பு வாங்கியவர். அதற்கு நன்றியாக 1849இல் ஒரு சிறு நூலே எழுதி விடுதலைக்கு வாதாடினார். கைதிகளை நடத்தும் விதத்தில் அமீர் கண்டிப்பான விதிகள் போட்டிருந்தார் என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில், ஸீதி இப்ராஹிம் சண்டைக்குப் பின் பிடிபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள் 1846 ஏப்ரலில் அவர் இல்லாத இடத்தில் கொல்லப்பட்டார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. பிரெஞ்சுத் தரப்பில், 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த உலத் ரியா இனத்தாரைப் பெண்கள், குழந்தைகளோடு புகைமூட்டிக் கொன்ற கர்னல் பெலிஸியே பின்னாளில் பிரான்சின் மார்ஷல் ஆனார். அமீரைப் பற்றிப் பேசும் வழிகாட்டிகள் "நாகரிகமான எதிரி" என்ற சொல்லில் நின்றுவிடுவது உண்டு. யாருக்கு எதிரி, அவர்கள் எவ்வளவு நாகரிகமாக இருந்தார்கள் என்ற கேள்வியை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

இனி தோட்டம். மாடத்திலிருந்து இறங்கியதும் கூட்டம் செயின்ட் ஹூபர்ட் சேப்பல் பக்கம் திரும்பும். அங்கேதான் லியனார்டோவின் கல்லறை. நீங்கள் எதிர்த்திசையில், செதுக்கிய புதர்ச்செடிகளைத் தாண்டி மேட்டின் உயரமான பின்பகுதிக்கு நடக்க வேண்டும். சரளைக்கல் பாதை, ஏற்றம் உண்டு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு உதவியாள் தேவைப்படும். கோட்டைக்குள் நுழையும் சரிவுப்பாதையும் செங்குத்தானதே. அங்கே கீழைத் தோட்டம். அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் குரைஷி வடிவமைத்து 2005இல் திறந்தது. இறந்த 25 பேருக்கும் ஒவ்வொரு கல், ஆக 25 கற்கள். சிரியாவின் அலெப்போவிலிருந்து கொண்டுவந்தவை, குர்ஆன் வசனங்கள் பொறித்தவை. அமீரின் குடும்பத்தினரும் அவர்களில் உண்டு.

இந்தத் தோட்டத்தின் பலம் அதன் அடக்கம்தான். சிலை இல்லை, குதிரை இல்லை, உயர்த்திய வாள் இல்லை. தாழ்வான கற்கள் புல்லோடு ஒட்டி நிற்கின்றன. கலைஞர் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்திருக்கிறார். யார் உறவு, யார் பணியாள் என்று தூரத்திலிருந்து பிரிக்க முடியாது. தரீக்காவின் ஒழுங்கு இதைவிடப் பொருத்தமாகக் கல்லில் வருவது கடினம். குறைத்த அரை மதிப்பெண் விளக்கத்துக்காக. கல்லைப் படிக்க அரபு வேண்டும். அரபு தெரியாதவருக்கு இது அழகான தோட்டமாக மட்டுமே நின்றுவிட வாய்ப்புண்டு. அடக்கத்தலம் என்பதால் கற்களின் மீது உட்காருவதும், இடையில் புகுந்து படமெடுக்க நிற்பதும் தவிர்க்க வேண்டியவை. ஃபாத்திஹா ஓதுகிறவர்கள் வருகிற இடம் இது. லியனார்டோ வரிசையில் கேட்கும் இரைச்சல் இங்கே எட்டுவதில்லை, அமைதியாக அரை மணி நேரம் நிற்க முடியும்.

ஆற்றங்கரையில் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது: உலோகத் தகட்டில் வெட்டியெடுத்த அமீரின் உருவம், மிஷேல் ஓதியார் என்ற சிற்பியின் வேலை. 2022 பிப்ரவரி 5 அன்று திறப்பு விழா. விழாவுக்குச் சில மணி நேரத்துக்கு முன் யாரோ அதைச் சிதைத்தார்கள். சிதைந்த நிலையிலேயே திறந்து வைத்தார்கள். இறந்து ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் வேளையிலும் ஒரு ஷைகின் உருவத்தை வெட்ட ராத்திரியில் ஆள் வருகிறது என்றால், கோட்டைக்குள் சொல்லப்படாத கதையின் மீதி அங்கே இருக்கிறது. சீட்டு தேவையில்லை, ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்புவாஸ் காட்டாத போர்ப்பகுதியைத் தேடுகிறவர்களுக்கு பிரான்சிலேயே வேறு இடங்கள் உண்டு. பாரிஸுக்கு வடக்கே ஷாந்தியி மாளிகை ஓமால் பிரபுவின் வீடு. ஸ்மாலாவில் கிடைத்த சில பொருள்கள் அவருடைய சேகரிப்பின் வழியே அங்கே தங்கின. அவருடைய உயில்படி அந்தச் சேகரிப்பை வெளியே கடனாகக் கொடுக்கக் கூடாது, ஆகையால் போய்த்தான் பார்க்க வேண்டும். எல்லாப் பொருளும் எந்நேரமும் காட்சியில் இருக்காது. வெர்சாயில் ஒராஸ் வெர்னே வரைந்த ஸ்மாலா பிடிபட்ட காட்சி இருக்கிறது: 21 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 5 மீட்டர் உயரம். அதில் போர்க்களம் உண்டு, கூடாரம் உண்டு, கலைந்தோடும் ஒட்டகமும் மாடும் உண்டு; அமீர் மட்டும் இல்லை, உண்மையிலும் அவர் அன்று அங்கே இல்லை. அது தொங்கும் ஆப்பிரிக்க அறைகள் வழக்கமான சீட்டில் எப்போதும் திறந்திருப்பவை அல்ல. கேட்காமல் போனால் ஏமாற்றம்தான். மூன்றாவது, கான் நகரிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் போகக்கூடிய சேன்ட் மார்கரீத் தீவு. ஸ்மாலாவில் பிடிபட்டவர்களை 1843இலிருந்து அங்கே வைத்திருந்தார்கள். இறந்தவர்களின் முஸ்லிம் அடக்கத்தலம் மரங்களுக்கிடையே இன்றும் இருக்கிறது. இரும்பு முகமூடிக் கைதியின் அறையைப் பார்க்க வருகிற கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. அம்புவாஸ் தோட்டம் பிடித்துப்போனவர்கள் தவறவிடக் கூடாத இடம் அது.

அமீரின் கல்லறையை அம்புவாஸில் தேடுகிறவர்களும் வருகிறார்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். அவர் 1852 டிசம்பரில் இங்கிருந்து புறப்பட்டு துருக்கியின் புர்ஸாவுக்கும், 1855இல் டமாஸ்கஸுக்கும் போனார். 1860 ஜூலைக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தம் ஆட்களை வைத்துக் காத்தார். மீதி நாள்கள் ஷைகுல் அக்பர் என்று அழைக்கப்படும் சூஃபி ஞானி இப்னு அரபியின் நூல்களிலும் தம் சொந்த ஆன்மிக எழுத்திலும் கழிந்தன. 1883 மே மாதம் இறந்து இப்னு அரபியின் அருகில் அடக்கமானார். 1966இல் விடுதலை பெற்ற அல்ஜீரியா அவருடைய உடல் எச்சங்களை அல்ஜியர்ஸின் எல் ஆலியா அடக்கத்தலத்துக்குக் கொண்டுபோனது. அம்புவாஸில் இருப்பது அவரோடு வந்து, திரும்பிப் போக முடியாமல் போனவர்கள்.

நேரப் பங்கீடு: மொத்தம் இரண்டரை மணி நேரம் வையுங்கள். காலையில் திறந்தவுடன் போனால் கூட்டத்துக்கு எதிராக நடக்கலாம்: முதலில் நேரே தோட்டம், அப்போது ஆளிருக்காது, அடுத்து லூயி பிலிப் அறைகளுக்காகக் கட்டடம், சேப்பல் கடைசியில். மாலையில் போகிறவர்கள் தோட்டத்தைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. மூடும் நேரம் நெருங்கும்போது வாசல் தோட்டத்திலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும். வெளியேறும்போது ஊர்த்தூ கோபுரம் வழியாக இறங்க முடிந்தால் இறங்குங்கள்: படிகளே இல்லாமல் குதிரையும் வண்டியும் மேலேற அகலமாகச் சுருண்டு போகும் சரிவுப்பாதை, 1500களை ஒட்டிக் கட்டியது. மழை நாளில் கல் வழுக்கும், சுவரோரமாக இறங்குவது நல்லது.